ஒரே வீட்டில் ஏழு பருவம்

புரோத்ராபூர் தெற்கு அந்தமானில் உள்ள ஊர். போர்ட் பிளேயர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நகரத்துக்கு 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் பழகிய வாய்க்குப் போர்ட் பிளேயர் என்றுதான் வருகிறது.

புரோத்ராபூரில் ஒரு தகரக் கூரை வீடு. அந்தக் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம்.

வீட்டில் இப்போது ஏழு பேர்.

அப்பத்தாவுக்கு வயது 68.
அப்பாவுக்கு வயது 52.
அம்மாவுக்கு வயது 46.
மூத்த மகளுக்கு வயது 23. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள்.
மகனுக்கு வயது 15.
இளைய மகளுக்கு வயது 12.
ஏழாவது ஆள் புதிய ஆள். பெண் குழந்தை. பிறந்து ஏழு நாள் ஆகிறது.

அன்று சாயங்காலம். மழை விட்டிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் சிஸ்டர், தாயையும் பிள்ளையையும் பார்க்க வந்தார். அப்போது அப்பத்தா கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம் இருந்தது.

குழந்தையின் மார்பு இரண்டும் சின்னதாக வீங்கி இருந்தன. அப்பத்தா எண்ணெய் தொட்டு அதைப் பிதுக்கப் போனார்.

"பாட்டி, நிறுத்துங்க!" என்றார் சிஸ்டர்.

"பால் கட்டியிருக்கு தாயி. பீய்ச்சி விடணும். நாங்க எல்லாப் பிள்ளைக்கும் செய்யறதுதான்."

"வேண்டாம் பாட்டி. அது நோய் இல்லை. பிதுக்கினால்தான் நோய் வரும். சீழ் பிடிக்கும்."

மூத்த மகள் பயந்து போனாள். "சிஸ்டர், காலையில துணியில ரெண்டு சொட்டு ரத்தம் வேற இருந்துச்சு. பச்சைப் பிள்ளைக்கு எப்படி ரத்தம் வரும்?"

சிஸ்டர் சிரித்தார். குழந்தையைக் கையில் வாங்கிக் கொண்டார்.

"அது உன்னிடமிருந்து வந்த சீர்" என்றார். "உட்காருங்க எல்லாரும். சொல்றேன்."

சேவலும் காளையும்

"பாட்டி, ஊரில் மாடு வச்சிருந்தீங்களா?"

"உழவு மாடு ரெண்டு இருந்துச்சு."

"காளைக்கு ஏன் காயடிப்பாங்க?"

"காயடிச்சாத்தானே ஏருக்கு அடங்கும். இல்லாட்டி முட்டும். பசு பின்னாடி ஓடும்."

"சின்னதிலேயே காயடிச்ச மாட்டுக்குத் திமில் எப்படி இருக்கும்?"

"சிறுத்துத்தான் இருக்கும்."

"வெட்டியது விரையை. ஆனால் மாறினது திமில், குணம், நடை. விரைக்கும் திமிலுக்கும் என்ன சம்பந்தம்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை.

இதே கேள்வியை ஒரு விஞ்ஞானி கேட்டார். அவர் பெயர் பெர்த்தோல்ட். ஜெர்மனி நாட்டில் இருந்தவர். 1849ஆம் ஆண்டு அவர் இளஞ் சேவல்களை வைத்துச் சோதனை செய்தார். விரைகளை எடுத்த சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை. அவை சரியாகக் கூவவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வேறு சில சேவல்களுக்கு, எடுத்த விரையை வயிற்றுக்குள் வைத்துவிட்டார். அந்தச் சேவல்களுக்குக் கொண்டை சிவந்து வளர்ந்தது. அவை கூவின. சண்டை போட்டன.

விரை அதன் பழைய இடத்தில் இல்லை. பழைய நரம்பும் இல்லை. ஆனாலும் அதன் வேலை நடந்தது. எப்படி? விரையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது என்று அவர் கண்டுகொண்டார்.

அந்த 'ஏதோ ஒன்று'தான் ஹார்மோன். தமிழில் இயக்குநீர் என்றும் சொல்வார்கள். ஹார்மோன் என்ற பெயர் 1905இல் வந்தது. இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டார்லிங் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்.

ஹார்மோன் ஒரு தபால் மாதிரி. உடம்பில் ஓர் இடத்திலிருந்து புறப்படும். ரத்தத்தில் பயணம் செய்யும். வேறு இடத்துக்குச் சேதி சொல்லும். 'வளர்' என்று சொல்லும். 'நில்' என்று சொல்லும்.

பெண்ணுக்கு அடிவயிற்றில், கருப்பையின் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் உண்டு. அவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஆணின் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. பெண் உடம்பிலும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். ஆண் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். அளவுதான் வேறு.

இந்த அளவு வாழ்நாள் முழுக்க ஒன்றுபோல இருக்காது. ஒரு வயதில் ஏறும். ஒரு வயதில் இறங்கும்.

"கடல் மாதிரின்னு சொல்லு" என்றார் அப்பத்தா. "ஏறும், வத்தும்."

"அதேதான் பாட்டி" என்றார் சிஸ்டர்.

ஏழு நாள் குழந்தை

"குழந்தை வயிற்றில் இருந்தபோது தாயின் ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தது. அது குழந்தைக்கும் போனது. அதனால்தான் மார்பு வீங்கியது. ஆண் குழந்தைக்கும் இப்படி வீங்கும். பிறந்த பிறகு தாயின் ஹார்மோன் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. அதனால் சில பெண் குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் இரண்டு சொட்டு ரத்தம் படும். தானே நின்றுவிடும். வீக்கமும் சில வாரத்தில் வற்றிவிடும்."

"அப்ப ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"தொடவே வேண்டாம். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மார்பு சிவந்து சூடாக இருந்தாலோ உடனே கொண்டு வாங்க. குழந்தையின் உடம்பும் முதல் சில மாதம் கொஞ்சம் ஹார்மோன் சுரக்கும். அப்புறம் அடங்கிவிடும். பல வருடம் அமைதியாக இருக்கும்."

அப்பத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு பேசாமல் இருந்துவிட்டார்.

பன்னிரண்டும் பதினைந்தும்

இளைய மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். சிஸ்டர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

மூளையின் அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. பட்டாணி அளவுதான் இருக்கும். அதன் பெயர் பிட்யூட்டரி. நேரம் வரும்போது மூளை அதற்குச் சேதி அனுப்பும். பிட்யூட்டரி சினைப்பைக்கும் விரைக்கும் சேதி அனுப்பும். தூங்கிக் கிடந்த ஹார்மோன் மறுபடி எழும்.

பெண் பிள்ளைக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் இது தொடங்கும். முதலில் மார்பு வளரும். உயரம் கூடும். பிறகு மாதவிலக்கு வரும்.

மாதவிலக்கு எப்படி வருகிறது? மாதம் ஒரு கருமுட்டை சினைப்பையில் முதிரும். ஈஸ்ட்ரோஜன் ஏறும். கருப்பையின் உள்ளே மெத்தை போல ஒரு படலம் தடிக்கும். முட்டை வெளியே வந்த பிறகு புரோஜெஸ்டிரோனும் ஏறும். அது மெத்தையைத் தயாராக வைத்திருக்கும். கரு உண்டாகவில்லை என்றால் இரண்டு ஹார்மோனும் இறங்கும். மெத்தை கரைந்து ரத்தத்தோடு வெளியேறும்.

"அது அழுக்கு ரத்தம் இல்லை. தீட்டும் இல்லை" என்றார் சிஸ்டர். "அந்த நாளில் குளிக்கலாம். பள்ளிக்கூடம் போகலாம். விளையாடலாம். நல்லா சாப்பிடணும். முதல் இரண்டு வருடம் மாதம் தப்பித் தப்பி வரலாம். பயப்பட வேண்டாம்."

அரசுப் பள்ளியில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை தருவது அரசின் திட்டம். அதைத் தவறாமல் விழுங்க வேண்டும். வளரும் உடம்புக்கு ரத்தம் வேண்டும்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பையன் இப்பல்லாம் கடலுக்குப் போனாலும் சட்டையைக் கழட்டறதில்லை சிஸ்டர். நெஞ்சுல ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்காம். அவங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லியிருக்கான்."

"15 வயதில் அது சகஜம் அக்கா. ஆண் பிள்ளைக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் பருவம் தொடங்கும். ஹார்மோன் புதிதாக ஏறும்போது மார்பு கொஞ்சம் வீங்கும். ஒன்றிரண்டு வருடத்தில் தானே போய்விடும். வீக்கம் பெரிதாகிக் கொண்டே போனால் டாக்டரிடம் காட்டணும். குரல் உடையும். மீசை அரும்பும். தூக்கத்தில் விந்து வரும். அதுவும் நோய் இல்லை. ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தம் என்று சொல்வார்கள். அது பொய். இதை அவனிடம் அப்பாதான் பேசணும். நாம் பேசாவிட்டால் அவன் தெருவில் கேட்டுத் தெரிந்து கொள்வான்."

திண்ணையில் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார். எல்லாம் கேட்டுக் கொண்டுதான் இருந்தார்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னே மார்பு வளர்ந்தால் போக வேண்டும். 13 வயதாகியும் வளராவிட்டால் போக வேண்டும். 15 வயதாகியும் மாதவிலக்கு வராவிட்டால் போக வேண்டும். ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னே பருவம் தொடங்கினாலும், 14 வயதாகியும் தொடங்காவிட்டாலும் போக வேண்டும்.

பிள்ளை பெற்றவள்

"இவ ராத்திரியில காரணமில்லாம அழறா" என்றார் அம்மா, மூத்த மகளைக் காட்டி. "பேய் பிடிச்சிருக்குமோன்னு அத்தை திருநீறு பூசினாங்க."

"திருநீறு பூசுங்க. ஆனால் பேய் இல்லை" என்றார் சிஸ்டர்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி ஹார்மோன்களை ஏராளமாகச் சுரக்கும். வாழ்நாளில் வேறு எப்போதும் அந்த அளவு ஏறாது. பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் அத்தனை ஹார்மோனும் இறங்கிவிடும். தூக்கமும் இருக்காது. அதனால் அழுகை வரும், எரிச்சல் வரும். சில நாளில் சரியாகிவிடும்.

"இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் வரணும். பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே வரணும். அது நோய். மருந்து உண்டு. அதுவரை ராத்திரியில் ஒருவர் குழந்தையை வாங்கிக் கொள்ளுங்க. இவள் தூங்கட்டும்."

பால் கொடுக்கும்போது மாதவிலக்கு தள்ளிப் போகும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கூடக் கரு தங்கலாம். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும் என்றால் நர்ஸிடம் கேட்டு வழி செய்து கொள்ள வேண்டும்.

நாற்பத்தாறு வயதில்

"இப்ப நீங்க சொல்லுங்க அக்கா. முகம் வெளிறிக் கிடக்கு" என்றார் சிஸ்டர்.

அம்மா சொன்னார். இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது. கட்டி கட்டியாகப் போகும். ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதிக்கும். வியர்த்துக் கொட்டும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார்.

"சென்னையில இருக்கற தங்கச்சி போன் பண்ணினா. 'அடுத்த கப்பல்ல வா. கர்ப்பப்பையை எடுத்துடலாம். தொல்லை விட்டுச்சு'ன்னா. டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன்."

"டிக்கெட் இருக்கட்டும். முதலில் இதைக் கேளுங்க."

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் 10 லட்சத்துக்கும் மேல் முட்டைக் கரு இருக்கும். பருவம் வரும்போது சுமார் 3 லட்சம்தான் மிஞ்சும். 40 வயதுக்கு மேல் மிகவும் குறைந்துவிடும். அப்போது சினைப்பை தளரும். ஹார்மோன் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். மாதவிலக்கு தாறுமாறாகும். உடம்பு கொதிப்பதும் வியர்ப்பதும் இதனால்தான். நம் நாட்டில் நிறையப் பெண்களுக்கு 45 முதல் 50 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று அர்த்தம். அதுவரை கரு தங்கவும் வாய்ப்பு உண்டு.

"அப்ப பத்து நாள் ரத்தம் போறது சகஜமா?"

"இல்லை. தப்பித் தப்பி வருவது சகஜம். அதிகமாகப் போவது சகஜம் இல்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலும், கட்டி கட்டியாகப் போனாலும், மணிக்கு ஒரு துணி நனைந்தாலும் டாக்டரைப் பார்க்கணும். கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம். தைராய்டு கோளாறாக இருக்கலாம். சில சமயம் புற்றாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். ஆனால் பரிசோதிக்கும் முன்னே கருப்பையை எடுக்கக் கூடாது. நிறையப் பேருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும்."

சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார். அது நடந்த செய்தி.

மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து ஏழைப் பெண்கள் கரும்பு வெட்டும் கூலிக்குப் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போகும். அபராதமும் விழும். மாதவிலக்கு நாளிலும் ஓய்வு கிடையாது. வயிற்று வலி என்று மருத்துவமனைக்குப் போனவர்களில் நிறையப் பேருக்குக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டு அரசு குழு அமைத்து விசாரித்தது. 82,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டார்கள். அவர்களில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை இல்லை. அவர்களில் இளம் வயதுப் பெண்களும் இருந்தார்கள்.

"எடுத்தால் என்ன? பிள்ளை பெத்தாச்சே" என்றார் அம்மா.

"கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால், மெல்ல வற்ற வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும். எலும்பு சீக்கிரம் பலம் இழக்கும். நெஞ்சு நோய் வரும் வாய்ப்பு கூடும். கரும்பு வெட்டுகிறவளுக்கு எலும்பு போனால் பிழைப்பு போச்சு."

தேவையில்லாமல் கருப்பை எடுப்பது பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இதைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு நீதிமன்றம் சொன்னது.

"கருப்பையை எடுக்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்க அக்கா. என்ன நோய்? வேறு வைத்தியம் உண்டா? சினைப்பையையும் எடுப்பீர்களா? பதில் புரியவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்க. கேட்பது உங்க உரிமை."

திண்ணையில் அப்பா

அப்பா உள்ளே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"ஆம்பளைக்கும் இப்படி நிக்குமா?" என்று கேட்டார்.

"நிற்காது அண்ணே. பெண்ணுக்கு ஒரு வயதில் நின்றுவிடும். ஆணுக்கு மெல்ல மெல்லக் குறையும். 30, 40 வயதுக்கு மேல் வருடத்துக்கு நூற்றில் ஒரு பங்கு குறையலாம். வயதான பிறகும் சுரந்து கொண்டுதான் இருக்கும்."

"எனக்கு ரொம்பச் சோர்வா இருக்கு. 'வயோதிக வாலிப அன்பர்களே'ன்னு விளம்பரம் பாத்து ஒரு லேகியம் வாங்கலாம்னு இருந்தேன்."

"லேகியத்துக்குப் போகும் பணத்தில் மீன் வாங்குங்க. முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்க. தொப்பை, குடி, புகை, சர்க்கரை நோய் இவையெல்லாம் ஆணின் பலத்தைக் குறைக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்தைச் சாப்பிட்டால் ஈரலும் சிறுநீரகமும் கெடலாம். சுகாதார நிலையத்தில் கேளுங்க. வெட்கப்பட ஒன்றும் இல்லை."

அப்பத்தா சொன்னது

"பாட்டிக்கு முதுகு கூனி இருக்கு" என்றார் சிஸ்டர். "ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பைக் காத்து நிற்கும். அது வற்றினால் எலும்பு லேசாகும். கால் தடுக்கி விழுந்தாலே இடுப்பு முறியும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால் சாப்பிடணும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடணும். வெயிலில் நடக்கணும். குளிக்கிற இடத்தில் வழுக்காமல் பார்த்துக்கணும்."

சிஸ்டர் பையை எடுத்துக் கொண்டு எழுந்தார். அப்பத்தா அவர் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"தாயி, இந்தச் சின்னதுக்கு துணியில ரெண்டு சொட்டு ரத்தம்னு சொன்னாளே..."

"ஆமா பாட்டி. அது ஒன்றும் இல்லை."

"எனக்கும்தான் படுது."

வீடு அமைதியானது.

"எத்தனை நாளாக பாட்டி?"

"மூணு மாசமா. எனக்கு நின்னு இருபது வருசம் ஆச்சு. திரும்பவும் வருதேன்னு வெக்கமா இருந்துச்சு. உடம்பு இளமையாகுதுன்னு கேலி பண்ணுவாங்கன்னு சொல்லலை."

அம்மா அழுதுவிட்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

சிஸ்டர் அப்பத்தா கையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார்.

"பாட்டி, 2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? பூமி ஆடுச்சு. கடல் நேரம் தப்பி ஏறுச்சே."

"கடல் ஏறுவதும் வற்றுவதும் இயற்கை. அதற்கு நாம் பயப்படுவதில்லை. நேரம் தப்பி ஏறினால் என்ன செய்யணும்?"

"நிக்காம ஓடணும்."

"இதுவும் அப்படித்தான். சின்னப் பெண்ணுக்கு மாதம் ரத்தம் வந்தால் இயற்கை. நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அது நேரம் தப்பி வந்தது. வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டணும். நிறையப் பேருக்குச் சின்னக் காரணம்தான் இருக்கும். சிலருக்குப் புற்றாக இருக்கும். சீக்கிரம் கண்டால் குணமாக்கலாம். நாளைக் காலையில் நீங்களும் அக்காவும் என்னோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க."

மூன்று மாதம் கழித்து

அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் சோதித்தார்கள். கருப்பையில் கட்டி எதுவும் இல்லை. ரத்தம்தான் மிகவும் குறைந்து போயிருந்தது. டாக்டர் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரை தந்தார். இரும்புச் சத்து மாத்திரையும் தந்தார். இப்போது முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. கப்பல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

அப்பத்தாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள் படலத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். புற்று இருந்தது. ஆனால் ஆரம்ப நிலை. அறுவை செய்து கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். அப்பத்தா பிழைத்துக் கொண்டார். டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் பரிசோதனைக்குப் போய் வருகிறார்.

எடுக்கச் சொல்லிக் கிளம்பியவருக்கு எடுக்கத் தேவை இருக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தவருக்கு எடுக்க வேண்டி இருந்தது. பரிசோதனை செய்த பிறகுதான் இது தெரிந்தது. வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் பரிசோதனை நடந்தது.

இப்போது அப்பத்தா சாயங்காலம் திண்ணையில் உட்காருகிறார். மடியில் பேத்தியின் பிள்ளை. குழந்தையின் மார்பு வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. யாரும் பிதுக்கவில்லை.

தெருவில் போகிற பெண்களை அப்பத்தா கூப்பிட்டு உட்கார வைக்கிறார். "உனக்கு நின்னு எத்தனை வருசம் ஆச்சு? திரும்பப் பட்டுச்சுன்னா மறைக்காதே" என்கிறார்.

அவருக்கு இப்போது வெட்கம் இல்லை.

நினைவில் வைப்போம்

1. பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கக் கூடாது.
2. மாதவிலக்கு தீட்டு அல்ல. உடம்பின் வேலை.
3. பருவ வயதில் பெண் பிள்ளையிடம் அம்மாவும், ஆண் பிள்ளையிடம் அப்பாவும் பேச வேண்டும்.
4. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் தாண்டியும் அழுகை இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.
5. ஏழு நாளுக்கு மேல் ரத்தம் போனால் பரிசோதிக்க வேண்டும்.
6. கோவில் விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப் போடும் மாத்திரையை நாமே கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. அதுவும் ஹார்மோன்தான்.
7. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புதிய சொற்கள்

ஹார்மோன்: உடம்பில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறு உறுப்புக்குச் சேதி சொல்லும் நீர்.
சினைப்பை: பெண்ணின் உடம்பில் கருமுட்டை முதிரும் இடம்.
பிட்யூட்டரி: மூளையின் அடியில் உள்ள சிறிய சுரப்பி.
நஞ்சுக்கொடி: கருப்பையில் குழந்தைக்கு உணவு கொடுக்கும் உறுப்பு.

பேசிப் பார்ப்போம்

1. அப்பத்தா மூன்று மாதம் ஏன் சொல்லவில்லை? உங்கள் வீட்டிலும் இப்படி மறைப்பது உண்டா?
2. கருப்பையை எடுக்கச் சொன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை? எழுதிப் பாருங்கள்.
3. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எந்தப் பருவத்தில் இருக்கிறார்கள்? ஒரு தாளில் எழுதுங்கள்.
4. இந்தப் பாடத்தை உங்கள் வீட்டில் மூத்த பெண்ணுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார்?